பிரீ ஆம்ப்பின் இன்புட் பெயர் குளறுபடி: சரிசெய்து தரக் கோரும் புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், எல்லீஸ் நகர், மதுரை.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

வணக்கம். சென்ற மாதம் வாங்கிய உங்கள் பிரீ ஆம்ப்பின் (சிடி, ரெக்கார்ட் பிளேயர் போன்றவற்றில் ஒன்றைத் தேர்ந்து, சத்தத்தைக் கூட்டிக் குறைத்து, ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்புக்கு அனுப்பும் கருவி) பில் நகலை இணைத்திருக்கிறேன்.

பின்பக்கம் ஆர்சிஏ சாக்கெட்டுகள் (நடுவில் பின், சுற்றிலும் எர்த் வளையம் உள்ள ஆடியோ ஒயரைச் செருகுபவை) இரண்டு வரிசை. மேல் வரிசையின் பெயர்களைச் சாக்கெட்டுக்குக் கீழேயும், கீழ் வரிசையின் பெயர்களைச் சாக்கெட்டுக்கு மேலேயும் அச்சிட்டிருக்கிறீர்கள். விளைவு, எல்லாப் பெயர்களும் நடுவில் ஒரே பட்டையில், கறுப்புத் தகட்டில் சாம்பல் எழுத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ரெக்கார்ட் பிளேயருக்கான ‘ஃபோனோ’வும் ‘சிடி’யும் ஒன்றன் கீழ் ஒன்று. செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தாலும் எந்தப் பெயர் எந்தச் சாக்கெட்டுக்கு என்று சொல்ல முடியாது; ஒரு அம்புக்குறி கூட இல்லை.

வேறு இன்புட் என்றால் மாற்றிச் செருகிக்கொள்ளலாம். ஃபோனோ அப்படியல்ல. ரெக்கார்ட் பிளேயரின் ஊசியைத் தாங்கும் எம்எம் (நகரும் காந்த) கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். சிடி பிளேயர் தருவது 2 வோல்ட் வரை. ஃபோனோ பகுதி சிக்னலை நூறு மடங்கு பெருக்குவதோடு, ஆர்ஐஏஏ என்ற ரெக்கார்டுகளுக்கான பொதுக் கணக்குப்படி பேஸைத் தூக்கி ட்ரெபிளை அமுக்கும். சிடியை அதில் செருகினால் பானைக்குள்ளிருந்து வருவது போல பேஸ் இரைந்து, சத்தம் கிழியும். ரெக்கார்ட் பிளேயரை சிடி சாக்கெட்டில் செருகினால் கொசு பாடுவது போல மெலிந்து கேட்கும். உங்கள் சர்வீஸ் ஆள் போனிலேயே ‘ஊசியை மாத்திப் பாருங்க’ என்றார். ஊசியில் ஒரு கோளாறும் இல்லை.

எல்லா ஒயரையும் கழற்றி, இடது பக்கம் மட்டும் ஒலிக்கும் டோனை செல்போனில் ஓடவிட்டு, ஒவ்வொரு சாக்கெட்டாகச் சோதித்தேன். ஒவ்வொரு முறை செருகும்போதும் வால்யூம் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். ஆர்சிஏவில் எர்த் வளையத்துக்கு முன்பே நடுப்பின் தொட்டுவிடுவதால் ஸ்பீக்கரில் ‘டம்’மென்று ஹம் அடிக்கும். (இந்த எச்சரிக்கை உங்கள் கையேட்டில் இல்லை.) தெரிந்தது இதுதான்: ‘ஆக்ஸ் 1’ (ஆக்ஸ் என்பது கூடுதல் கருவிகளுக்கான இன்புட்) என்று அச்சிட்ட சாக்கெட் திரையில் ‘ஆக்ஸ் 2’. ‘ஆக்ஸ் 2’ என்று அச்சிட்டது திரையில் ‘ஆக்ஸ் 1’. டியூனர் (ரேடியோ) சாக்கெட்டில் இடமும் வலமும் மாறியிருக்கின்றன.

இதில் ஆபத்தானது ஆக்ஸ் 2. உங்கள் அமைப்பில் அதற்குத் தொழிற்சாலையிலேயே தியேட்டர் பைபாஸ் போட்டு வருகிறது; அதில் வால்யூம் குமிழ் வேலை செய்யாது, வந்த சத்தம் அப்படியே பவர் ஆம்ப்புக்குப் போகும். அதனால் அதில் சாதாரணக் கருவி எதையும் செருகாதீர்கள் என்கிறது கையேடு. அதை நம்பி செட் டாப் பாக்ஸை ‘ஆக்ஸ் 1’இல் செருகுகிறவர் உண்மையில் ஆக்ஸ் 2இல்தான் செருகுகிறார். முழு சத்தத்தில் முதலில் பழுதாவது ஸ்பீக்கரில் கீச்சொலி தரும் ட்வீட்டர்.

மெனுவில் பைபாஸை அணைத்தாலும் நிலைப்பதில்லை. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை முதல் மாலை வரை கரண்டை நிறுத்தும் நாள் ஒன்று வந்தால் போதும். நாம் வைத்த பெயர்கள், சிடிக்கு 6 டெசிபல் குறைத்து வைத்த சத்த அளவு, அணைத்த பைபாஸ் எல்லாம் பழையபடி ஆகிவிடுகின்றன. கரண்ட் போனாலும் அழியாத மெமரி சிப் போடாமல் கொஞ்ச நேரமே தாங்கும் மின்தேக்கியை நம்பியிருப்பதாகவே தோன்றுகிறது. மதுரையில் விற்கிற பொருளுக்கு இது பொருந்துமா?

ஸ்டிக்கர் அனுப்புவதாகச் சொல்ல வேண்டாம். பெயர்க் குழப்பத்துக்கு அது போதும், பைபாஸுக்குப் போதாது. மெமரி உள்ள போர்டை மாற்றி, ஆக்ஸ், டியூனர் இணைப்புகளைச் சரிசெய்து 15 நாளுக்குள் தாருங்கள்; இல்லையேல் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாடிக்கையாளர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால், மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இணைப்பு: பில் நகல், பின்பலகைப் புகைப்படம், டோன் சோதனை வீடியோ.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்