பாம்பனில் இருந்து நன்றியுடன்

என்னோடு கடல்பாசி எடுக்கும் சின்னப்பாலம் அக்காமாருக்கும், மதுரையில் எனக்கு மருந்து ஏற்றிய சிஸ்டர்களுக்கும், அக்குபங்சர் ஊசி வைத்த டாக்டரம்மாவுக்கும் வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ எனக்கு முடிந்துவிட்டது. ஒவ்வொருவர் வாசலுக்கும் வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. உடம்பு இன்னும் தேறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஏற்றிய சிவப்பு மருந்து குடலையே பிரட்டியது. கருவாட்டு வாடை வந்தாலே வாந்தி. கடற்கரையில் குடியிருந்துகொண்டு அதற்கு எங்கே போவது? நான் வாய் திறந்து கேட்கவில்லை. காற்று வரும் பக்கம் காய்ந்த கருவாட்டை எல்லாம் அள்ளி, தெருக்கோடிக்குக் கொண்டுபோய் காயப்போட்டீர்களே அக்கா, அதை மறக்க மாட்டேன்.

மருந்தில்லாமல் மெல்லிய ஊசி குத்திச் செய்யும் அக்குபங்சர் பற்றி ஒரு வார்த்தை. கீமோவை விட்டுவிடு, ஊசியே போதும் என்று ஆசை காட்டியவரும் உண்டு. டாக்டரம்மா அப்படிப் பேசவில்லை. "இது கட்டியைக் கரைக்காது. குமட்டலைக் குறைக்கப் பார்க்கலாம். புற்றுநோய் டாக்டர் கொடுத்த வாந்தி மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்றார். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 1997இலேயே கீமோ குமட்டலுக்கு இது பயன்படும் என்று ஒத்துக்கொண்டதையும் அவர்தான் சொன்னார். உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பில் இருந்து மூன்று விரல் மேலே, இரண்டு தசைநார்களுக்கு நடுவே முடி மாதிரி மெல்லிய ஊசி. ஒவ்வொரு தடவையும் புது ஊசி. ஆபரேஷனில் நெறிகட்டி எடுத்த பக்கத்துக் கையைத் தொடவே இல்லை. அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தவும் பழக்கினார். மதுரை ரயிலில் அதுதான் எனக்குத் துணை. குமட்டல் முழுசாகப் போகவில்லை, ஆனால் கஞ்சி உள்ளே தங்கியது.

ஒரு தடவை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் தட்டணுவும் வெள்ளையணுவும் குறைந்திருந்தன. ரத்தம் கசியும், கிருமி தொற்றும் என்று சொல்லி டாக்டரம்மா ஊசி வைக்காமல் திருப்பி அனுப்பினார். அவருக்கு நான் சொல்லும் பெரிய நன்றி அந்த நாளுக்குத்தான்.

அப்புறம் பாக்லிடாக்சல் என்ற அடுத்த கீமோ மருந்தை ஏற்றியபோது விரல் நுனியும் பாதமும் மரத்துப்போயின. ஊசியில் இதற்குக் கொஞ்சம்தான் பலன், அதையும் அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பாறை கிழித்தாலும் காலுக்குத் தெரியாது, பாசி எடுக்கக் கடலில் இறங்காதே என்றார். நான் இறங்காத நாளிலும் என் பங்கைப் பிரித்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகெல்லாம் கரையில் கிடந்தபோது எங்கள் அடுப்பு எரிந்தது அதில்தான்.

புற்றுநோயாளிக்கும் கூட வருபவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு என்று சொல்லி, படிவத்தில் கையெழுத்தும் வாங்கித் தந்த சிஸ்டருக்குத் தனியாக ஒரு நன்றி.

நம் ஊரில் யாராவது குமட்டலுக்குப் பயந்து கீமோவைப் பாதியில் விட நினைத்தால் என் வீட்டுக்கு வாருங்கள், அழுத்தும் இடத்தைக் காட்டுகிறேன். ஊசி வைத்துக்கொள்வதாக இருந்தால் புற்றுநோய் டாக்டரிடம் முதலில் சொல்லிவிட்டு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

உங்கள் பாசிக்காரத் தங்கச்சி,
பாம்பன்