இளங்கலை இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம்

ஐயா,

ஐரோப்பிய ஒருங்கிணைப்பு, கூட்டாட்சி பற்றி முதுகலை படிக்க விரும்புவோருக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை நல்ல வழி. தேர்வானால் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். விமானச் சீட்டும் விசாவும் வாடகையும் இதற்குள்தான். எனவே புறப்படும் செலவுக்குக் கையில் பணம் வேண்டும்.

விண்ணப்பம் பிரஸ்ஸல்ஸிலுள்ள ஒன்றியத் தலைமையகத்துக்கு அல்ல, படிப்பை நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புக்கே போக வேண்டும். பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரிக்குள். பலர் சறுக்குவது பரிந்துரைக் கடிதத்தில். கடைசி வாரத்தில் கேட்டால் "நல்ல மாணவர், ஒழுக்கமானவர்" என்று நாலு வரிதான் வரும். நீங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையைக் கையில் கொடுத்து, நவம்பரிலேயே கேளுங்கள்.

கல்லூரிகள் இதைச் செப்டம்பரிலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

– அரசியல் அறிவியல் ஆசிரியர், மதுரை