ஓய்வுபெற்ற தீயணைப்புப் பணியாளர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2020–2021

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, பணி ஓய்வு பெற்ற மூத்தோரே, விடுப்பு நாளிலும் வந்து அமர்ந்திருக்கும் பணியிலுள்ள தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

2020 நவம்பர் 14 அன்று, மதுரை விளக்குத்தூண் பகுதியில் ஜவுளிக்கடையில் பற்றிய தீயை அணைக்கச் சென்று, பழைய கட்டடம் இடிந்து விழுந்ததில் உயிர்நீத்த இரு தீயணைப்பு வீரர்களுக்கும், கொரோனாவால் நாம் இழந்த உறுப்பினர்களுக்கும் இப்பொதுக்குழு முதலில் அஞ்சலி செலுத்துகிறது. நோய்த்தொற்று வந்துவிட்டது என்பதற்காக இத்தொழிலின் பழைய ஆபத்துகள் எவையும் விலகி நிற்கவில்லை. தொற்று அவற்றின் மேல் கூடுதல் சுமையாக ஏறிக்கொண்டது.

மார்ச் 25 முதல் ஊரடங்கு நடைமுறைக்கு வந்ததால் நிர்வாகக் குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் கைபேசி வழியாகவே நடந்தன. 1944இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் மாண்ட 66 தீயணைப்பு வீரர்களை நினைவுகூரும் ஏப்ரல் 14ஆம் நாளை அவரவர் வீட்டிலேயே அனுசரித்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். சீருடையில் இருப்பவர்கள் தங்கள் குறைகளைப் பொதுவெளியில் பேச விதிகள் இடம் கொடுப்பதில்லை என்பதால், இவ்வறிக்கையின் எஞ்சிய பகுதி முழுவதையும் பணியிலிருப்போர் இந்த ஆண்டில் சந்தித்த ஆபத்துகளுக்கே ஒதுக்குவது என்று குழு முடிவு செய்தது.

ஊரடங்கு தொடங்கியதுமே தெருக்களிலும் பேருந்து நிலையங்களிலும் சந்தைகளிலும் கிருமிநாசினி தெளிக்கும் வேலை நம் துறையிடம் வந்து சேர்ந்தது. தொலைவுக்குப் பீய்ச்சும் பம்பும் பெரிய தண்ணீர்த் தொட்டியும் நம்மிடம் இருந்ததே அதற்குக் காரணம். 1 சதவீதக் கரைசலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. அந்தக் கணக்குப்படி 4,500 லிட்டர் கொள்ளும் வண்டிக்கு 135 கிலோ வேண்டும். அத்தனையையும் மூட்டை மூட்டையாகப் பிரித்துக் கொட்டிக் கலக்கியவர் முகத்தில் பல இடங்களில் ஒரு துணி முகக்கவசம் மட்டுமே இருந்தது. எதிர்காற்றில் பிராஞ்ச் (குழாய் முனையிலுள்ள பீய்ச்சி) பிடித்தவர்களின் காக்கிச் சட்டையில் தோள்பட்டை திட்டுத்திட்டாக வெளுத்துப் போயிருந்ததை நானே பார்த்தேன். துணியை அப்படி வெளுக்க வைத்த அதே சாரல்தான் அவர்களின் கண்ணிலும் மூச்சுக்குழாயிலும் பட்டது. கழிவறை கழுவும் அமிலத்தை இக்கரைசலில் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும் என்ற எச்சரிக்கைகூட எழுத்தில் கொடுக்கப்படவில்லை. பழைய பயிற்சியை நினைவில் வைத்திருந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

மனிதர்கள் மீது கிருமிநாசினி தெளிப்பது உடலுக்கும் மனத்துக்கும் தீங்கு என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரல் 18 அன்று அறிவுறுத்தியது. தெருவில் தெளிப்பதையும் பரிந்துரைக்க முடியாது என்றும், மண்ணும் குப்பையும் மருந்தின் வீரியத்தை முறித்துவிடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் மே மாதத்தில் கூறியது. மாடிகளில் நின்று மக்கள் கைதட்டியபோது நமக்கெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் பயன் குறைவென்று தெரிந்த ஒரு வேலைக்காக நம் பணியாளர்களின் நுரையீரலைச் செலவழித்தது சரியல்ல என்பதைச் சங்கம் பதிவு செய்ய விரும்புகிறது. பம்பின் உலோகப் பாகங்களையும் அந்தக் கரைசல் அரித்தது.

இந்த ஆண்டில் எங்களை மிகவும் கவலைப்படுத்தியது பி.ஏ. செட்டின், அதாவது புகைக்குள் போகும்போது முதுகில் சுமக்கும் காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவியின், முகமூடி. உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும்படி அமைந்திருப்பதால் புகை உள்ளே நுழையாமல் அது அணிந்தவரைக் காக்கும். ஆனால் அவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் வால்வு வழியே வெளியேறுகிறது. அணிந்திருப்பவருக்கே தொற்று இருந்தால், தோளில் தூக்கி வரும் நோயாளிக்கு அது பாதுகாப்பாக இருப்பதில்லை. அதைவிட அன்றாடமான சிக்கல், ஒரு முகமூடியைப் பலர் மாற்றி மாற்றி அணிவது. காலை ரோல்கால் எனும் வருகைக் கணக்கெடுப்புக்குப் பின் செட்டைச் சோதிப்பவர் முகத்தில் பொருத்தி மூச்சிழுத்துப் பார்க்கிறார். மாலையில் அழைப்பு வந்தால் வேறொருவர் அதையே மாட்டிக்கொண்டு ஓடுகிறார். இடையில் மிதமான சோப்பு நீரில் கழுவி, நிழலில் முழுவதும் உலர்த்த வேண்டும் என்றால் அதற்கு நேரமும் மாற்று முகமூடியும் வேண்டும். ஒரு நிலையத்தில் அவசரத்துக்குத் தெருவுக்குக் கலக்கிய கரைசலாலேயே முகமூடியைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். அடுத்து அணிந்த தம்பிக்கு, இறுக்கிப் பூட்டிய முகமூடிக்குள் அந்த நெடி சுழன்று, புகைக்குள் போவதற்கு முன்பே மூச்சு முட்டியது. அப்படித் துடைப்பதில் ரப்பரும் நாளடைவில் கெட்டு விளிம்பில் கசிவு உண்டாகும். அக்கசிவு தெரியவருவது தீக்குள் நிற்கும்போதுதான்.

மருத்துவமனைத் தீ விபத்துகள் இன்னொரு வகை. 2020 ஆகஸ்டில் அகமதாபாத்தில் கொரோனா மருத்துவமனை ஒன்றில் 8 நோயாளிகள் இறந்தனர். மீட்புக்குச் சென்ற தீயணைப்புப் பணியாளர்கள் பிறகு தனிமைப்படுத்தப்பட்டனர். மூன்றே நாளில் விஜயவாடாவில், சிகிச்சை மையமாக மாற்றப்பட்ட தங்கும் விடுதியில் மீண்டும் தீ. 2021 ஏப்ரலில் மும்பையை அடுத்த விராரில் தீவிர சிகிச்சைப் பிரிவே எரிந்தது. இவ்விடங்களில் எரிவது கட்டிலும் திரையும் மட்டுமல்ல. காற்றில் இயல்பாக 21 சதவீதமாக உள்ள ஆக்சிஜன், கதவடைத்த குளிரூட்டிய அறையில் பலருக்கும் அதிக அளவில் செலுத்தப்படும்போது மெல்ல உயர்கிறது. அந்தக் காற்றில் துணியும் முடியும்கூடச் சட்டெனப் பற்றும். உள்ளே நின்றவரின் உடையிலும் ஆக்சிஜன் ஊறியிருக்கும் என்பதால், வெளியே வந்தவுடன் நெருப்பருகே போகாமல் சற்று நேரம் திறந்தவெளியில் நிற்க வேண்டும். கைகழுவும் சானிடைசரின் ஆவி 20 டிகிரி செல்சியசுக்கும் கீழேயே தீப்பற்றக்கூடியது. நம் ஊரில் அந்தக் குளிர் ஏது? இதற்கிடையில், தொற்றுக்கு அஞ்சி முழு உடல் கவச உடையை அணிந்துகொண்டே தீயருகே போகலாம் என்று சிலர் எண்ணினர். அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் துணி; 165 டிகிரிக்குள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நோயைத் தடுக்கும் உடை வேறு, தீயைத் தடுக்கும் உடை வேறு என்பதை ஒவ்வொரு நிலையத்திலும் டிரில்லாகவே சொல்லித் தர வேண்டும்.

கிணற்றில் விழுந்தவரைக் கயிற்றில் கட்டி ஏற்றுபவர் ஆறடி இடைவெளியைக் கடைப்பிடிக்க முடியாது. பணியாளர்கள் தங்கும் பேரக்கில் கட்டிலும் கழிவறையும் பொது என்பதால் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் முறைப்பணியில் இருந்த அனைவரும் கலங்கினர். வயதான பெற்றோர் உள்ள வீட்டுக்குப் போகாமல் நிலையத்திலேயே வாரக்கணக்கில் தங்கியவர்களும் உண்டு. மத்திய அரசின் 50 லட்ச ரூபாய்க் காப்பீட்டுத் திட்டம் சுகாதாரப் பணியாளர்களுக்கு என்று வகுக்கப்பட்டது. நோயாளியை எரியும் வார்டிலிருந்து தூக்கி வருபவருக்கும் அதே காப்பு வேண்டும் என்பது நம் சங்கத்தின் உறுதியான நிலைப்பாடு.

சங்கத்தால் இயன்ற அளவில், உறுப்பினர்களின் நன்கொடையில் கண் பாதுகாப்புக் கண்ணாடிகளும் ரப்பர் கையுறைகளும் வாங்கி அருகிலுள்ள நிலையங்களுக்குக் கொடுத்தோம். ஓய்வுபெற்ற நிலைய அலுவலர்கள் இருவர், முகமூடி கழுவும் முறையை ஒரு பக்கத்தில் எழுதி அழைப்புகளை ஏற்கும் வாட்ச் ரூம் சுவரில் ஒட்டச் செய்தனர். உரிய அலுவலகத்துக்கு அனுப்பிய மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை, மீண்டும் அனுப்புவோம்.

ஒவ்வொரு பணியாளருக்கும் அவர் பெயரிட்ட சொந்த முகமூடி வழங்க வேண்டும். ரசாயனம் கையாளும் எந்தப் பணிக்கும் முன் எழுத்துமூலமான அறிவுறுத்தலும் தகுந்த சுவாசக் கவசமும் தர வேண்டும். பணியில் தொற்றியதைப் பணிக்காயமாக நிலையக் குறிப்பேட்டில் அன்றே பதிய வேண்டும். குறிப்பேட்டில் பதிவு இல்லாமல், பின்னாளில் மூச்சுத்திணறலோடு மருத்துவக் குழுமத்தின் முன் நிற்பவரால் எதையும் நிறுவ முடியாது என்பதை நம்மில் பலர் ஓய்வுக்குப் பின் கண்டிருக்கிறோம். இக்கோரிக்கைகள் தீர்மான வடிவில் உங்கள் கைகளில் உள்ளன. அவற்றையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்