மருமகன் பிள்ளையைத் தாராளமாகத் தூக்கட்டும்

அன்புள்ள சுந்தரி,

பேத்தி பிறந்த சேதி கேட்டு மனசு நிறைந்தது. இங்கே இவருக்கு மூட்டுவலி தேவலை, கார் ஓட்ட ஆரம்பித்துவிட்டார். அதனால் சனிக்கிழமை லாஸ் கேட்டோஸில் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவோம். சுக்கும் பூண்டும் கொண்டுவருகிறேன். புதர் வெட்டப் போன மருமகனுக்குப் பாய்சன் ஓக் செடி பட்டுக் கொப்புளம் கிளம்பிய விஷயம் மட்டும் அதுவரை காத்திருக்கக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

காட்டுத்தீ பயத்தால் கலிபோர்னியா மலைப்பக்க வீடுகளைச் சுற்றி 100 அடிக்குப் புதரைக் குறைக்கச் சொல்லிச் சட்டமே இருக்கிறது. அப்படி வெட்டும்போதுதான் பலருக்கும் பாய்சன் ஓக் படுகிறது. மும்மூன்று இலையாக இருக்கும், கோடை முடிவில் சிவந்துவிடும். பெயரில்தான் ஓக். உண்மையில் மா, முந்திரி, சேராங்கொட்டையோடு சேர்ந்த குடும்பம். மாங்காய்ப் பால் பட்டாலே உனக்கு உதடு வெந்துபோகுமே, நீயும் அந்தச் செடிப் பக்கம் போகாதே. இதில் இருக்கும் உருஷியால் என்ற எண்ணெய்தான் தோலைப் படுத்துகிறது.

கொப்புள நீர் பட்டுவிடும் என்று அவர் குழந்தையைத் தூக்காமலே இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். படிக்கவே கஷ்டமாக இருந்தது. அந்த நீரில் எண்ணெய் கிடையாது சுந்தரி. அதனால் யாருக்கும் ஒட்டாது. இன்று கையில், நாளை வயிற்றில் என்று கிளம்புவதும் பரவல் இல்லை. எண்ணெய் குறைவாகப் பட்ட இடம் பிந்திக் காட்டும், அவ்வளவுதான். நீ பயப்பட வேண்டியது அன்று போட்டிருந்த சட்டை, பூட்ஸ், வெட்டுக்கத்தி, கூடப் போயிருந்தால் நாயின் முடி. அவற்றில் எண்ணெய் மாதக்கணக்கில் கிடக்கும். கையுறை போட்டுக்கொண்டு துணியைத் தனியாகச் சுடுதண்ணீரில் துவை. கத்தியையும் பூட்ஸையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல். அப்புறம் அவர் பிள்ளையை மடியில் போட்டுக் கொஞ்சட்டும்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடுவதை நிறுத்திவிடு. உடைந்த கொப்புளத்தில் அரைத்த இலை போனால் சீழ் வைக்கலாம். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பழைய வேட்டித் துணியை அவ்வப்போது கால் மணி நேரம் போட்டு வை. ஓட்ஸை மிக்சியில் மாவாக அடித்து, ஆறின தண்ணீரில் கரைத்துக் குளிக்கச் சொல். பிறகு கேலமைன் லோஷன் தடவலாம். வெந்நீர் வேண்டாம், அரிப்பு கிளம்பும். இதெல்லாம் அரிப்பை அடக்கத்தான். புண் தானாக ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். முகம், கண், மறைவிடம் என்று வந்தாலோ, சீழோ காய்ச்சலோ கண்டாலோ உடனே டாக்டரிடம் போங்கள். ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படலாம்.

இனி புதரில் இறங்கினால் முழுக்கைச் சட்டை, கையுறை. வந்ததும் வேறெதையும் தொடாமல், பாத்திரம் கழுவும் சோப்பைத் துணியில் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் அழுத்தித் தேய்க்க வேண்டும். பத்து நிமிஷத்துக்குள் கழுவினால் நல்லது. எண்ணெய் வெறும் கண்ணுக்குத் தெரியாது, அதனால் இரண்டு மூன்று தடவை தேய்க்கட்டும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து நிற்கும் குச்சியிலும் எண்ணெய் உண்டு.

வெட்டிய குவியல் பின்கட்டில் இன்னும் கிடக்கிறதா? அதற்கு யாரும் தீ வைத்துவிடாதீர்கள். அந்தப் புகை நெஞ்சுக்குள் போனால் நுரையீரலே புண்ணாகும், வீட்டில் பச்சைக் குழந்தை வேறு. அப்படியே கிடக்கட்டும். ஊர்க் குப்பை அலுவலகத்தில் எப்படிக் கொடுப்பது என்று மகளை விட்டு இன்றே கேட்கச் சொல்.

உன்
கமலா