பிபிசி காப்பகத்தாருக்கு: ஒரு செவ்வாய்க்கிழமையை முழுதாகத் தாருங்கள்

பிபிசியின் ஒலிப்பதிவுகளையும் எழுத்து ஆவணங்களையும் காத்துவரும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

போர்க்கால வானொலி என்று நீங்கள் எங்களுக்கு எடுத்துத் தருபவை பெரும்பாலும் துண்டுகள்தான். 1939 செப்டம்பர் 3 காலை 11.15 மணிக்கு பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் போரை அறிவித்தது, சர்ச்சிலின் உரைகள், 1944 ஜூன் 6 காலை அறிவிப்பாளர் ஜான் ஸ்னாக், நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கியதைச் சொன்னது. ஆண்டு நிறைவு வந்தால் இவையே திரும்பத் திரும்ப வரும். கேட்கச் சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைய பிரிட்டனில் வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இவை எப்போதோ வந்தவை. மற்ற நேரமெல்லாம் செய்தி, சமையல் குறிப்பு, பிரார்த்தனை, பள்ளிப் பாடம், பாட்டு, மறுபடி செய்தி. அப்படி ஒரு நாளை, ஒரே ஒரு நாளை, காலை முதல் இரவு வரை அப்படியே வெளியிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எந்த நாள் என்றும் சொல்லிவிடுகிறேன். 1940 அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை.

அன்று இரவு லண்டனில் உங்கள் தலைமையகமான பிராட்காஸ்டிங் ஹவுஸின் மேல்மாடிச் சன்னல் வழியாக ஒரு ஜெர்மன் குண்டு உள்ளே விழுந்தது. உடனே வெடிக்கவில்லை. ஒன்பது மணிச் செய்தியை புரூஸ் பெல்ஃப்ரேஜ் வாசித்துக்கொண்டிருந்தபோது வெடித்தது. ஊழியர்கள் ஏழு பேர் இறந்தார்கள். நேயர்களுக்குக் கேட்டது ‘தொம்’ என்று ஒரு மங்கலான சத்தம், சின்ன இடைவெளி, அப்புறம் அதே குரல். தாளில் படிந்த தூசியை ஊதிவிட்டு மேலே வாசித்தார் என்பார்கள். அந்தத் ‘தொம்’ உங்களிடம் இருக்கிறது, பலமுறை ஒலிபரப்பியும் இருக்கிறீர்கள். அதற்கு முன்னால் அவர் எந்தச் செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தார்? எதைச் சொல்லி முடித்தார்? அடுத்து என்ன நிகழ்ச்சி போனது? சத்தத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கேட்கிற எங்களுக்கு இதெல்லாம் தெரிவதே இல்லை.

காலையிலிருந்தே வருகிறேன். அந்த நாட்களில் 8 மணிச் செய்தி முடிந்ததும் 8.15க்கு உணவு அமைச்சகத்தின் ‘கிச்சன் ஃப்ரண்ட்’, ஐந்தே நிமிடம். இல்லத்தரசிகள் கடைக்குக் கிளம்புவதற்குள் காதில் போட்டுவிட வேண்டும் என்று பார்த்து வைத்த நேரம். பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்குத் தேயிலை 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம்தான். சர்க்கரை, வெண்ணெய், பன்றி இறைச்சி எல்லாமே பங்கீட்டு அட்டையில். (அந்தத் தேயிலையில் இலங்கை மலையகத்தில் நம்மவர்கள் பறித்ததும் கலந்திருக்கும். அந்தக் கணக்கை யாரும் வானொலியில் சொன்னதாகத் தெரியவில்லை.)

10.30க்கும் பிற்பகல் 3 மணிக்கும் ‘மியூசிக் வைல் யூ வொர்க்’. 1940 ஜூனில் தொடங்கியது. தொழிற்சாலைகளில் ஒலிபெருக்கி கட்டி, வேலைக் களைப்புத் தெரியாமல் கை ஓடுவதற்காகப் போட்ட இசை. மெதுவான வால்ட்ஸ் நடன இசை தூக்கத்தைக் கொண்டுவரும் என்று ஒதுக்கினார்கள். பின்னாளில் ஒரு பாட்டில் கைதட்டும் இடம் வந்தால் தொழிலாளர்கள் ஸ்பேனரால் மேசையைத் தட்டுகிறார்கள் என்று அந்தப் பாட்டையும் நிறுத்தினார்கள். போரை நடத்தியவர்களுக்கு இதுவும் ஒரு கவலை! சர்ச்சில் உரைகளில் கிடைக்காத பிரிட்டன் இதில் கிடைக்கிறது.

மாலையில் சிறுவர் நிகழ்ச்சி ‘சில்ட்ரன்ஸ் அவர்’. இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, 14 வயது இளவரசி எலிசபெத் அதில் பேசியது ஊரறிந்த கதை. செவ்வாய்க்கிழமை அதில் யார் பேசினார்கள் என்று கேட்பாரில்லை. நான் கேட்கிறேன்.

இன்னொன்று. அந்த நாளில் என்னென்ன இல்லை என்பதும் கேட்கும்படி இருக்க வேண்டும். வானிலை அறிக்கை கிடையாது. எதிரி விமானிக்கு உதவும் என்று 1939 செப்டம்பரில் நிறுத்தியது, ஐரோப்பாவில் போர் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தது. குண்டுவீச்சு விமானங்கள் நெருங்கினால் அந்தப் பக்கத்து ஒலிபரப்பியை அணைத்துவிடுவார்கள். அதே அலைவரிசையில் தொலைவிலிருக்கும் இன்னொன்று மங்கலாகக் கேட்கும். சைரன் ஊதுமுன்பே பெட்டியில் சத்தம் குறைவதை வைத்து விஷயத்தை ஊகித்தவர்கள் உண்டு. செய்தி வாசிப்பவர் தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்ததும் 1940 கோடையில்தான். ஜெர்மானியர் வந்து நிலையத்தைப் பிடித்துப் பொய்ச் செய்தி வாசித்தால், குரல் வேறு என்று மக்கள் கண்டுகொள்ள வேண்டுமே.

சரி, ஒரு முழு நாளும் பதிவில் இல்லையே என்பீர்கள். தெரியும். 1940 ஜூன் 18 அன்று பிரெஞ்சுத் தளபதி டி கால் உங்கள் ஒலிக்கூடத்தில் பேசியதையே நீங்கள் பதிவு செய்யவில்லை. கைவசம் இருப்பது நான்கு நாள் கழித்துப் பேசியது. கடற்கரைகளில் போரிடுவோம் என்று சர்ச்சில் ஜூன் 4 அன்று பேசியது நாடாளுமன்றத்தில். அன்றிரவு வானொலியில் கேட்டது செய்தி வாசிப்பவர் படித்த பகுதிகள். உலகம் முழுக்க இன்று கேட்கிற அந்தக் குரல் 1949இல் பதிவானது. இதைத் தெரியாமலே அந்த இரவில் சர்ச்சில் குரலைக் கேட்டதாக நம்புகிறவர்கள் எத்தனை பேரோ.

அதனால் ஒவ்வொரு பகுதியிலும் இது அன்றைய பதிவு, இது பிற்காலப் பதிவு, இது இன்று ஒருவர் வாசிப்பது என்று சொல்லிவிடுங்கள். கேவர்ஷமில் உள்ள உங்கள் எழுத்து ஆவணக் காப்பகத்தில் செய்திப் படிகள் இருக்கின்றன, எது எப்போது ஒலிபரப்பானது என்று தினமும் எழுதிவைத்த குறிப்புகளும் இருக்கின்றன. ‘ரேடியோ டைம்ஸ்’ இதழில் வந்த நிகழ்ச்சி நிரலை உங்கள் ஜீனோம் இணையதளத்தில் ஏற்றியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அது முன்கூட்டியே அச்சான திட்டம். குண்டு விழும் ஊரில் திட்டப்படி எத்தனை நிகழ்ச்சிகள் நடந்திருக்கும்? திட்டம், அன்றைய குறிப்பு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

எதுவுமே கிடைக்காத நேரத்தை வெறுமையாகவே விட்டுவிடுங்கள். தயவுசெய்து இசையைப் போட்டு நிரப்ப வேண்டாம். 1939 செப்டம்பரில் நிகழ்ச்சி இல்லாமல் சாண்டி மெக்ஃபெர்சனின் ஆர்கன் இசையையே நாளெல்லாம் போட்டு, நேயர்களிடம் நீங்கள் வாங்கிக்கட்டிக்கொண்டது போதும்.

லண்டன் வானொலியில் ஒரு தமிழ் நேயருக்கு என்ன இத்தனை அக்கறை என்று தோன்றலாம். உங்கள் தமிழ் ஒலிபரப்பே அந்தப் போரில் பிறந்ததுதான். 1941 மே 3இல் தொடங்கினீர்கள். அடுத்த ஆண்டு ஜெர்மனியிலிருந்து நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வானொலியும் தமிழில் பேச ஆரம்பித்தது. சிற்றலையில் தமிழோசை 2017 ஏப்ரல் வரை கேட்டது, நானும் கேட்டேன். அதன் தொடக்க காலத் தாள்களைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

இப்போதைக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை போதும். 2030 அக்டோபர் 15ம் செவ்வாய்க்கிழமைதான் வருகிறது, 90 ஆண்டு நிறைவும் கூட. வேலை செய்ய அவகாசம் இருக்கிறது. அன்று லண்டன் நேரம் காலை 7 மணிக்குத் தொடங்கி, அந்தந்த நேரத்திலேயே ஒலிபரப்புங்கள். சென்னையிலும் கொழும்பிலும் அப்போது 11.30 ஆகியிருக்கும். ஒன்பது மணிச் செய்திக்கு நாங்கள் நள்ளிரவு தாண்டி 1.30 வரை விழித்திருக்க வேண்டும். அது எங்கள் பாடு.

இப்படிக்கு,
பழைய தமிழோசை நேயர் ஒருவர்