பாலே பாவாடையை வெளுப்பாக்கியது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, பாலே என்னும் ஐரோப்பிய மேடை நாட்டியத்தின் உடை பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். முப்பது ஆண்டுகளாக மேடை நாட்டியத்துக்கு உடை தைத்துப் பிழைப்பவன் நான். துணியைப் பற்றி யார் எழுதினாலும் என் கண் அங்கே போய்விடும். 1830களின் பாரிஸ் உடையைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியுள்ள பகுதியில் இரண்டு செய்திகள் சரியாக இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலாவது, பாவாடையின் நீளம். 1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஒபெரா அரங்கில் காற்றில் வாழும் ஒரு தேவதையைப் பற்றிய ‘லா சில்ஃபீட்’ பாலே அரங்கேறியபோது அதன் நாயகியாக ஆடிய மரீ தாலியோனி அணிந்தது, கட்டுரையோடு ‘1832’ என்று அச்சாகி வந்துள்ள படத்தில் இருப்பதுபோல் இடுப்பிலிருந்து தட்டையாக விரிந்து தொடை தெரிய நிற்கும் குட்டைப் பாவாடை அன்று. அது கெண்டைக்கால் வரை இறங்கிய, மணி கவிழ்த்தாற்போன்ற, சல்லா என்னும் மெல்லிய வெள்ளைத் துணிப் பாவாடை. மேலே உடலோடு ஒட்டிய ரவிக்கை, திறந்த தோள்கள், முதுகில் சின்னஞ்சிறு சிறகுகள். படத்தில் காணும் குட்டைப் பாவாடை அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வந்தது. ‘டூட்டூ’ என்ற பெயரும் அப்போதுதான் வழக்கில் ஏறியது. தாலியோனியின் காலத்தில் அப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்கியிருக்காது. யூஜேன் லாமி வடிவமைத்ததாகச் சொல்லப்படும் அந்த உடையை உற்றுப் பார்த்தால், அன்றைய பாரிஸ் சீமாட்டிகள் நடன விருந்துக்கு உடுத்திச் சென்ற கவுனின் வெட்டுத்தான் அதில் தெரிகிறது. பலூன்போல் உப்பிய கைகளை எடுத்துவிட்டு, கால் வேலை தெரியும்படி கீழ் விளிம்பைச் சற்று உயர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவே.

இரண்டாவது, வெண்மை தூய்மையின் அடையாளம் என்ற கட்டுரையாளரின் கருத்து. இதை நான் ஏற்கவில்லை. ‘லா சில்ஃபீட்’டுக்குச் சில மாதங்கள் முன்பு, 1831 நவம்பரில், அதே அரங்கில் இசையமைப்பாளர் மாயர்பேரின் ‘ரொபேர் லெ தியாப்ல்’ என்ற இசை நாடகம் அரங்கேறியது. அதில் நள்ளிரவில் கல்லறைகளிலிருந்து எழுந்து வெள்ளுடையில் ஆடுபவர்கள் விரதம் கெட்டு இறந்த கன்னியாஸ்திரீகளின் ஆவிகள். அவர்களுக்குத் தலைமை தாங்கி ஆடியவரும் தாலியோனிதான். பாவம் செய்தவர்களுக்கும் வெள்ளை, காற்றில் வாழும் தேவதைக்கும் வெள்ளை என்றால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். அந்த அரங்குக்கு 1822லேயே எரிவாயு விளக்கு வந்துவிட்டது. திருகினால் குறையவும் கூடவும் செய்கிற அந்த வெளிச்சத்தில் நிலவொளியைக் காட்ட முடிந்தது. அந்த நிலவொளியை வாங்கித் தன்னுள் வைத்துக்கொள்ளத் தோதான துணி வெள்ளைச் சல்லாதான்.

இதை நான் ஏட்டறிவாக மட்டும் சொல்லவில்லை. ஒரு பள்ளி நாடகத்தின் தேவதை வேடத்துக்காக நான்கு அடுக்கு மல் துணியை இடுப்புப் பட்டியில் சுருக்கித் தைத்து, ஆளுயரப் பொம்மைக்கு மாட்டி, கடையின் குழல்விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் ஒரு மேசைவிளக்கை மட்டும் வைத்துப் பார்த்தேன். சுருக்கின் நிழல்கள் மறைந்தன. விளிம்பு பால் நுரைபோல் தெரிந்தது. அதே இடத்தில் ஒரு மஞ்சள் பட்டுப்பாவாடையை நிறுத்தினேன். அது பட்டுப்பாவாடையாகவே நின்றது.

அந்தப் பத்தாண்டில் எல்லாரும் வெள்ளையே உடுத்தினார்கள் என்றும் கொள்ள வேண்டியதில்லை. 1836இல் தாலியோனியின் காலத்து இன்னொரு நர்த்தகியான ஃபனி எல்ஸ்லர், கையில் சப்ளாக்கட்டை போன்ற தாளக் கருவியுடன் ஸ்பானிய ‘கச்சூச்சா’ ஆடியபோது உடுத்தியது கறுப்பு லேஸ் வைத்த இளஞ்சிவப்பு சாட்டின். தாலியோனி கிறிஸ்தவ நர்த்தகி, எல்ஸ்லர் அப்படியல்லாதவர் என்று விமர்சகர் தெயோஃபில் கோத்தியே வேறுபடுத்தி எழுதியதும் அந்தப் பத்தாண்டில்தான். கட்டுரையில் எல்ஸ்லரின் பெயர்கூட இல்லை.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு செய்தியும் விடுபட்டுள்ளது. 1830இல் தாலியோனி ஓர் இந்திய தேவதாசியாக நடித்த ‘கடவுளும் பயதேரும்’ (பயதேர் என்பது தேவதாசிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர்) என்ற, பாட்டும் பாலேயும் கலந்த ஒபெரா-பாலே பாரிஸில் பெரும் வெற்றி பெற்றது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1838 ஆகஸ்டில், கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து புதுச்சேரி வழியாகச் சென்ற ஐந்து தேவதாசிகளும் மூன்று இசைக் கலைஞர்களும் அதே நகரில் வரியெத்தே அரங்கில் ஆடினார்கள். மேடைக் கற்பனையில் பார்த்துப் பழகிய ‘பயதேர்’ நேரில் ஜரிகையும் நகையும் சலங்கையுமாக வந்து நின்றபோது பாரிஸ்காரர்கள் வியந்ததைக் கோத்தியேயின் எழுத்திலேயே காணலாம். சிற்பி ழான்-ஓகுஸ்த் பார், 1837இல் தாலியோனிக்கு ஒரு சிறு சிலை செய்தார். மறு ஆண்டு அந்தத் தேவதாசிக் குழுவின் நர்த்தகி அமனிக்கும் ஒன்று செய்தார். அமனி என்பது நம் ஊர் அம்மணியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். அந்தக் காலத்து உடைகளைப் பற்றி எழுதுபவர் இவ்விரு சிலைகளையும் அடுத்தடுத்து அச்சிட்டிருந்தால் பாதிக் கட்டுரையை எழுதவே தேவையிருந்திருக்காது.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் அந்த வெள்ளுடை ‘காலத்தை வென்ற அழகு’ என்று புகழப்பட்டுள்ளது. அழகை மறுக்கவில்லை, ஆனால் அந்த அடுக்குச் சல்லா ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். தாலியோனியே பயிற்றுவித்த எம்மா லிவ்ரியின் பாவாடை 1862 நவம்பரில் ஒத்திகையின்போது எரிவாயு விளக்கில் பட்டுத் தீப்பிடித்தது; எட்டு மாதம் துன்புற்று, இருபது வயதில் அவர் இறந்தார். தீப்பிடிக்காதபடி துணியை மருந்து நீரில் தோய்க்கும் முறை அப்போதே இருந்தது. தோய்த்தால் துணி விறைத்து, நிறம் மங்கிவிடும் என்று நர்த்தகிகள் அதை விரும்பவில்லை. அவர் உடையில் எரியாமல் எஞ்சிய துண்டுகள் பாரிஸ் ஒபெராவின் அருங்காட்சியக நூலகத்தில் இன்றும் உள்ளன.

படத்தின் கீழே அச்சாகியுள்ள ‘1832’ என்ற ஆண்டையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேடை உடை தைக்கும் வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.