அந்த அறையைத் திறந்துவிடுங்கள்: நம் சபைக் காரியங்களை நடத்தும் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

குருவானவர் ஐயா அவர்களுக்கும் சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

ஆலயத்துக்குப் பின்னாலுள்ள பழைய விடுதி அறையைத் தர முடியாது என்று போன கூட்டத்தில் நீங்கள் போட்ட தீர்மானம் என் காதுக்கும் வந்தது. ஜெயிலிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்தால் சபைக்குக் கெட்ட பெயராம். சபையார் நாங்கள் சிலர் யாருக்காகக் கேட்டோம் என்பது உங்களுக்கே தெரியும். விடுதலையாகி வருகிறவர்கள் சில நாள் தங்க அந்த அறையைத் திறந்துவிடுங்கள். அன்றும் கேட்டது இதுதான்.

பாளையங்கோட்டை மத்திய சிறையிலிருந்து சமீபத்தில் ஒருவர் சாயங்காலம் வெளியே வந்தார். கையில் துணிப்பை, சட்டைப்பையில் நாலாக மடித்த விடுதலைச் சான்று. ஊருக்குப் போனால் எதிராளி வீட்டார் இருக்கிறார்கள். மனைவி எப்போதோ தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ஜங்ஷன் பக்கம் லாட்ஜில் ஆதார் கேட்டார்கள். பிரவுசிங் சென்டரில் எடுக்கலாமென்றால் ஓ.டி.பி. பழைய செல் நம்பருக்குப் போகிறது. அந்த நம்பர் இப்போது யார் கையிலோ. விடுதலைத் தாளை நீட்டினார். ரூம் இல்லை என்றார்கள். ராத்திரி புது பஸ் ஸ்டாண்டில் படுத்தார். ரோந்து வந்தவர்கள் எழுப்பி விசாரிக்க, மறுபடியும் அதே தாள். விடியும்வரை உட்காரவைத்துவிட்டார்கள். தண்டனை முடிந்தது என்று சர்க்கார் எழுதிக் கொடுத்த தாளே ஒருவரைக் குற்றவாளியாகக் காட்டுமென்றால் அவர் எங்கேதான் போவார்?

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த ஊழியமும் இல்லை. சிறு வயதில் அடகுக் கடையில் வேலை பார்த்த வில்லியம் பூத், 1865-ல் லண்டனின் கிழக்குப் பகுதி ஏழைகளிடையே தொடங்கிய பணிதான் 1878-ல் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) ஆனது. 1883-ல் மெல்பர்னில் அவர்கள் ஒரு சின்ன வீட்டைப் பிடித்து, சிறையிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்தார்கள். அதே வருஷம் பம்பாயில், ஐ.சி.எஸ். என்ற வெள்ளைக்காரச் சர்க்காரின் உயர் வேலையை உதறிவிட்டுச் சேனையில் சேர்ந்த ஃபிரடெரிக் டக்கர், தடையை மீறித் தெருவில் ஊர்வலம் போனதற்காக ஜெயிலுக்குப் போனார். உங்கள் தீர்மானப்படி பார்த்தால் அவருக்கும் நம் வளாகத்தில் இடம் கிடையாது.

அவ்வளவு தூரம் போவானேன்? திருநெல்வேலியில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனெரி, நம் ரேனியஸ் ஐயர் 1830-ல் தர்ம சங்கம் ஆரம்பித்ததே, விசுவாசத்துக்காகத் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றத்தான். அப்படி ஒண்ட வந்தவர்களின் வம்சத்தார் நம்மில் எத்தனை பேர்!

இப்போது அந்த அறையில் அசன விருந்துக்குச் சமைக்கும் அண்டாக்களும் சாமியானாக் கம்புகளும் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு நாள் வெளியே வரும் அண்டாவுக்குத் தலைக்கு மேல் ஃபேன் வேறு.

அக்கம்பக்கத்தாரின் பயத்தை நான் குறை சொல்லவில்லை. பதிவேடு வைக்கிறோம், காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம், ராத்திரி எங்களில் ஒருவர் கூடவே படுத்துக்கொள்கிறோம். கரண்ட் பில்லும் எங்கள் பொறுப்பு. அடுத்த கூட்டத்தில் இதை மறுபடி எடுத்து, அந்த அறையைத் திறந்துவிடும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன். அண்டாக்களை எங்கே வைப்பது என்ற கவலை வேண்டாம், என் வீட்டு மாடியில் இடமிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சபை அங்கத்தினன் ஒருவன்